ஓட்ஸித் தாத்தாவின் நிறம்

இத்தாலியின் வடக்கே உள்ள போல்சானோவில் அன்று சாயங்காலம் அம்மா தலைக்குக் குளித்தாள். 2017 ஜூலை மாதம். சுற்றிலும் மலை என்றாலும் அந்த ஊர் கோடையில் அடுப்பங்கரை மாதிரி காயும். ஆனால் அம்மா குளித்தது வெக்கைக்காக இல்லை. ஓட்டல் அறைக்குள் நுழைந்தவள் கைப்பையைக் கட்டிலில் வைக்காமல் வாசலோரமே இறக்கிவிட்டு, "பொணத்தப் பாத்துட்டு வந்திருக்கோம்லா, நீங்களும் ஒவ்வொருத்தரா குளிச்சிருங்க" என்றாள். "அம்மா, அவர் செத்து 5300 வருஷம் ஆச்சு" என்றேன். "இருக்கட்டுமே" என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் அந்த உடலைப் பார்க்கவே இல்லை. வரிசையில் எங்களோடு நின்றவள், முறை வந்தபோது விலகி நின்று சுவரில் இருந்த படங்களைப் பார்க்கிற மாதிரி இருந்துவிட்டாள். நானும் ஏழு வயது மகளும் சிரித்தோம். பிறகு ஆளுக்கொரு தடவை குளிக்கத்தான் செய்தோம்.

மியூனிக்கில் வேலை, அம்மா மூன்று மாத விசாவில் திருநெல்வேலியில் இருந்து வந்திருந்தாள். அவளுக்கு ஆல்ப்ஸ் காட்டுவதாகச் சொல்லி பிரென்னர் கணவாய் வழியாகக் காரை விட்டதெல்லாம் சாக்கு. எனக்கு ஓட்ஸியைப் பார்க்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் உதட்டைக் குவித்துக்கொண்டு அந்தப் பெயரை வேறு மாதிரி சொல்வார்கள். எத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது வரவில்லை. ஓட்ஸி என்றே வைத்துக்கொள்கிறேன். செம்புக் காலத்து மனிதர். எகிப்து மம்மிகளைப் போல யாரும் குடலை எடுத்து, உப்பில் ஊறவைத்து, துணி சுற்றிப் பதப்படுத்தியவர் இல்லை. செத்த இடத்தில் செத்தபடி, கடைசியாகச் சாப்பிட்டது வயிற்றில் இருக்க, பனிக்குள் போனவர். உலகத்தில் இவ்வளவு பழைய உடல் இவ்வளவு முழுதாகக் கிடைத்தது மிக அபூர்வம் என்று படித்துப் படித்து, அந்த அருங்காட்சியகத்துக்குப் போவதை ஒரு தல யாத்திரை மாதிரி மனதில் வளர்த்து வைத்திருந்தேன்.

உள்ளே இருட்டு. சுவரில் ஒரு சின்ன சன்னல், ஒரு தலை அளவுக்குத்தான். அந்தப் பக்கம் ஒரு குளிர் அறை, மைனஸ் 6 டிகிரி, கிட்டத்தட்ட முழு ஈரப்பதம். அவ்வப்போது தண்ணீர் தெளித்து உடல்மேல் மெல்லிய ஐஸ் படலம் படியவைக்கிறார்கள், காய்ந்து சுருங்காமல் இருக்க. அதனால் அவர் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கினார். இடது கை கழுத்துக்குக் குறுக்கே மடங்கி நீண்டிருந்தது. தோல் நிறம் நல்ல கருப்பட்டி நிறம். மகளைத் தூக்கிக் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். "தாத்தா தூங்குறாரா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கட்டத்தில் அவருடைய உருவச் சிலை நின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த கென்னிஸ் சகோதரர்கள் 2011-இல் செய்தது. மண்டை ஓட்டின் அளவுகளை வைத்து, ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிற அளவுக்கு நுணுக்கமான வேலை. நரை கலந்த நீண்ட முடி, தாடி, பழுப்புக் கண், இடுங்கிய பார்வை. உயிர் இருக்கிறதோ என்று ஒரு நொடி தோன்றும். தோல் மட்டும் வெயிலில் காய்ந்து சிவந்த ஐரோப்பிய விவசாயியின் தோல். மகள் சிலையைப் பார்த்தாள், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள படுத்திருக்கிற தாத்தா கறுப்பா இருக்காரு. வெளிய ஏன் வெள்ளையா நிக்கிறாரு?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஐயாயிரம் வருஷம் ஐஸ்ல கிடந்தா எல்லாம் கறுத்துடும்டா" என்றேன். "ஃப்ரிட்ஜ்ல வச்ச வாழைப்பழம் மாதிரியா?" என்றாள். "ஆமா, அதே மாதிரிதான்." அவ்வளவு சரியான உவமை அவளுக்கே அகப்பட்டதில் எனக்குப் பெருமை வேறு.

2023 ஆகஸ்ட். அலுவலக உணவகத்தில் தட்டை வைத்துக்கொண்டு போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்ஸியின் மரபணுத்தொகுதியை மறுபடி, முன்பைவிடத் துல்லியமாகப் படித்திருக்கிறார்கள். அவர் கறுத்த தோல்காரர். தலையிலும் முடி பெரும்பாலும் கொட்டியிருக்க வேண்டும். பனியில் கிடந்து கறுத்தது என்று இத்தனை காலம் நினைத்தோமே, இப்போது நாம் பார்ப்பது பெருமளவுக்கு அவருடைய சொந்த நிறமே என்று அந்த ஆய்வில் இருந்த ஆல்பர்ட் ட்ஸிங்க் சொல்லியிருந்தார். தட்டில் ஒரு வாழைப்பழம் இருந்தது. நிஜமாகவே இருந்தது, கதைக்காகச் சொல்லவில்லை. அன்று அதைச் சாப்பிடவில்லை.

நான் கறுப்பு. அம்மா கறுப்பு. மகளும் எங்கள் நிறம்தான். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் நிறத்தைச் சொல்லித்தான் என்னைத் தட்டிக் கழித்தார்கள். நாற்பது வருடம் இந்தத் தோலுக்குள் இருந்தவன், கறுத்த மனிதர் ஒருவரை மூன்றடி தூரத்தில் பார்த்துவிட்டு, இவர் உண்மையில் வெள்ளையாகத்தான் இருந்திருப்பார், ஏதோ ஆகி இப்படிக் கறுத்துவிட்டார் என்று என் குழந்தைக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரும் கேட்டு வாங்காத உறுதியோடு. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. இரண்டு வருடமாக ஓட்ஸியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் திரும்பப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிகிறது. தப்பாகப் பார்த்தவன் நான் மட்டும் இல்லை, நிறம் மட்டும் இல்லை.

நேற்று செத்தவர்

முதல் சில நாள் அவரை அவ்வளவு பழையவர் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. 1991 செப்டம்பர் 19 அன்று நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஹெல்முட், எரிகா சைமன் தம்பதி டீசென்யோக் கணவாய்ப் பக்கம், 3210 மீட்டர் உயரத்தில், வழக்கமான பாதையை விட்டு விலகி இறங்கும்போது, உருகிய பனிக்குழியில் முதுகும் தலையுமாக ஒரு பழுப்பு உருவத்தைப் பார்த்தார்கள். அந்தக் கோடையில் சகாராப் பாலைவனத் தூசி வந்து படிந்து ஆல்ப்ஸ் பனி வழக்கத்தைவிட அதிகமாக உருகியிருந்தது. பனியாறுகள் வேறு சில மலையேறிகளின் உடல்களையும் வெளியே தள்ளியிருந்தன. இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். விபத்துப் பிணம் என்றால் எப்படிக் கையாள்வார்களோ அப்படித்தான் கையாண்டார்கள். பனிக்கோடரி, பனிச்சறுக்குக் கம்பு, கடைசியில் பாறை உடைக்கிற துளைக்கருவி வரை. அது அவருடைய இடது இடுப்பில் இறங்கிச் சதையைக் கிழித்தது. ஆளுயரத்துக்கும் மேலான வில் ஒன்று பக்கத்தில் இருந்தது. மீட்பில் அதன் முனை ஒடிந்தது.

செப்டம்பர் 24 அன்று இன்ஸ்ப்ருக் சவக்கிடங்கில் கொன்ராட் ஷ்பிண்ட்லர் என்ற தொல்லியலாளர் உடலைவிட முதலில் கூட இருந்த கோடரியைப் பார்த்தார். குறைந்தது 4000 வருடம் என்றார். ரேடியோகார்பன் கணக்கு அதையும் தாண்டி, கி.மு. 3350-க்கும் 3100-க்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. எகிப்தில் பிரமிடு கட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்பு. அதற்கப்புறம் ஆஸ்திரியா, இத்தாலி என்ற இரண்டு நாடுகளுக்குள் யாருடையவர் என்ற பஞ்சாயத்து. எல்லையை அளந்து பார்த்ததில் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறார் என்று முடிந்தது. அந்த 92.56-இல் உள்ள தசமப் புள்ளியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எல்லைக்கல் என்று ஒன்று மண்ணில் ஊன்றப்படுவதற்கு ஐயாயிரம் வருடம் முன்பே போய்ச் சேர்ந்த மனிதருக்கு, சென்டிமீட்டர் சுத்தமாகக் குடியுரிமை.

பிணத்தின் கதையையும் உடனே எழுதிவிட்டார்கள். ஷ்பிண்ட்லர் சொன்னது: இலையுதிர் காலம். ஊரில் ஏதோ அடிதடி, விலா எலும்பு முறிந்து தப்பி மலைக்கு ஓடிவந்தவர், களைத்துப் படுத்து, தூக்கத்திலேயே உறைந்துபோனார். ஆதாரம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் ஸ்லோ என்கிற ஒரு காட்டுப்பழம் கிடந்தது, அது பழுப்பது இலையுதிர் காலத்தில்தான். கதை கேட்பவர்களுக்கும் பிடித்திருந்தது. தனிமை, பனி, தூக்கம், சாவு. நானே கல்லூரிக் காலத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டு ஒரு மோசமான கவிதை எழுதியிருக்கிறேன்.

பத்து வருடம் கண்ணில் படாத அம்பு

2001-இல் போல்சானோ மருத்துவமனையின் கதிர்வீச்சு நிபுணர் பவுல் கோஸ்ட்னர் எக்ஸ்ரேயில் இடது தோளில் ஒரு சிறிய அடர்ந்த நிழலைப் பார்த்தார். சிக்கிமுக்கிக் கல்லில் செய்த அம்புமுனை, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். பின்னாலிருந்து எய்தது. பின்னர் எடுத்த சி.டி. ஸ்கேனில் தோளுக்கு அடியில் போகிற பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருப்பது தெரிந்தது. நிமிடக் கணக்கில் ரத்தம் வடிந்து செத்திருப்பார். அதற்கு முன் பத்து வருடத்தில் அவரை எக்ஸ்ரே எடுக்காமலா இருந்தார்கள்? எடுத்தார்கள். உறைந்து செத்தவர் என்று முடிவுகட்டிய பிறகு தோளில் என்ன இருக்கிறது என்று யார் தேடுவது.

வயிறு இன்னும் மோசம். குடலில் இருந்து மாதிரி எடுத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள், இரைப்பையை மட்டும் காணோம். 2009-இல் பழைய ஸ்கேன்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது. உடல் உள்ளே வற்றிச் சுருங்கியதில் இரைப்பை மேலே ஏறி, விலா எலும்புகளுக்கு அடியில், நுரையீரல் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. நிறைந்த வயிறு. 2010-இல் உடலைச் சில மணி நேரம் உருகவைத்து அதிலிருந்து எடுத்தார்கள். ஐபெக்ஸ் என்ற காட்டாட்டுக் கறியும் கொழுப்பும், செம்மான் கறி, ஐன்கோர்ன் என்ற பழங்கோதுமை, கூடவே பெரணிச் செடியின் துணுக்குகள். அந்தப் பெரணி நஞ்சுள்ளது. வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகத் தின்றிருக்கலாம். அல்லது நம் ஊரில் தேக்கிலையில் கறியைக் கட்டித் தருகிற மாதிரி உணவை அதில் சுற்றி வைத்ததில் ஒட்டியிருக்கலாம். குடலில் சாட்டைப்புழு முட்டை இருந்தது உண்மை. 2018-இல் வந்த கணக்குப்படி இரைப்பையில் இருந்ததில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. அந்த உயரத்தில், அந்தக் குளிரில் நடக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்து தின்ற சாப்பாடு. பால் மட்டும் அவருக்குச் செரித்திருக்காது, மரபணு அப்படிச் சொல்கிறது. அதைப் படித்தபோது, காலையில் காபிக்குப் பதில் கட்டஞ்சாயா குடிக்கிற என் மாமா நினைவுக்கு வந்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு மகரந்தம். இன்ஸ்ப்ருக் தாவரவியலாளர் க்ளாவ்ஸ் ஓகல் குடலின் வெவ்வேறு பகுதிகளில் இருந்த மகரந்தத் துகள்களை எண்ணினார். நாம் விழுங்கும் தண்ணீரிலும் உணவிலும் மூச்சிலும் அந்த இடத்து மகரந்தம் வயிற்றுக்குள் போகும், பிறகு குடல் வழியே இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு தூரம் என்று நகரும். ஆக, குடலில் எந்த இடத்தில் எந்த மரத்து மகரந்தம் நிற்கிறது என்று பார்த்தால், ஆள் எப்போது எங்கே இருந்தார் என்பது வரும். முதலில் ஊசியிலை மரங்கள், அதாவது மேலே காட்டின் விளிம்பு. அப்புறம் ஓஸ்ட்ரியா (Ostrya) என்ற மரத்தின் மகரந்தம். அது கீழே வெதுவெதுப்பான பள்ளத்தாக்கில்தான் வளரும். அப்புறம் மறுபடி ஊசியிலை. கடைசி 33 மணி நேரத்துக்குள் மனிதர் மேலே இருந்து கீழே இறங்கி மறுபடி மூவாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறியிருக்கிறார். இன்னொன்று, அந்த ஓஸ்ட்ரியா மகரந்தத்துக்குள் இருந்த உயிரணுச் சத்துகூடக் கெடவில்லை, அதாவது அப்போதுதான் பூத்து உதிர்ந்தது. அந்த மரம் பூப்பது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது. இலையுதிர் காலக் கதை அத்தோடு முடிந்தது. அந்த ஒற்றைப் பழம், உலர்த்தி மடியில் வைத்திருந்த பண்டம் போல.

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமான வெட்டு, ஆறத் தொடங்கியிருந்தது. சில நாள் பழையது. கத்தியைத் தடுக்கப்போய்ப் பட்ட மாதிரி. கைகலப்பு ஒன்று நடந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் இறங்கிப் போனார், ஏறி வந்தார். தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் முடிந்தவை, வில்லும் செதுக்கி முடியாதது. கல் கருவிகள் தேய்ந்து தேய்ந்து சின்னதாகிவிட்டன, கடைசி நாட்களில் திரும்பக் கூர் தீட்டியிருக்கிறார். நல்ல கல் கிடைக்கிற இடத்துக்கு அவர் கொஞ்ச காலமாகப் போகவில்லை என்று அதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிர்ச் மரப்பட்டையில் செய்த டப்பாவில், பச்சை மேப்பிள் இலையில் பொதிந்து நெருப்புத் துண்டம் கொண்டுபோயிருக்கிறார், இடம் மாறும்போது அடுப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. மலை உச்சியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார். துரத்துகிறவனுக்குப் பயந்து ஓடுகிறவர் அப்படி உட்கார்ந்து சாப்பிடுவாரா? கையில் வெட்டு வாங்கியும் பின்னாலேயே வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லையா? எய்தவன் அம்பின் தண்டை உருவிக்கொண்டு போயிருக்கலாம், செம்புக் கோடரியைத் தொடவில்லை. அந்தக் காலத்தில் அது இன்றைய காருக்குச் சமம். அதன் செம்பு தெற்கே தஸ்கனியில் இருந்து வந்தது என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள், நாங்கள் போல்சானோ போன அதே வருடம்.

இதற்கும் மறுப்பு வந்துவிட்டது. லார்ஸ் பிலோ என்ற நார்வே பனித் தொல்லியலாளரும் சகாக்களும் 2022-இல் எழுதியது: உடல் கிடந்த குழியில்தான் அவர் செத்தார் என்று எப்படி நம்புவது, மேலே பனிப்பரப்பில் செத்து, பிறகு வந்த கோடைகளில் உருகும் பனியோடு கீழே சரிந்து வந்திருக்கலாம், பொருள்கள் உடைந்ததற்குச் சண்டை காரணம் இல்லை, பனியே போதும். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த பத்து வருடத்தில் இது எப்படித் திரும்புமோ.

தோல்

நிறத்துக்கு வருகிறேன். நிபுணர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் அவர்கள் அப்படி நினைத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. டென்மார்க்கின் டோலுண்ட் மனிதரை 1950 மே மாதம் எரிபொருளுக்காகக் கரிச்சதுப்பு வெட்டப்போன குடும்பம் கண்டெடுத்தது. முகத்தில் ஒருநாள் தாடிகூட அப்படியே இருக்க, புதுக்கொலை என்று போலீஸைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் தோல் கயிறு, வயிற்றில் பார்லி, சணல்விதை, களை விதைகள் போட்ட கஞ்சி. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக் கஞ்சி. அவர் தோல் தார் மாதிரி கறுப்பு, முடி செம்பட்டை. அங்கே அது சதுப்பு நீரின் வேலைதான். தோல் பதனிடுகிற தொட்டியில் ஆட்டுத்தோல் நிறம் மாறுகிற மாதிரி அந்தப் பாசிச்சதுப்பு மனிதத் தோலை மாற்றும், முடியைச் சிவக்க வைக்கும். இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண் பனிமனிதரையும் அப்படியே பார்த்தது. ஆனால் சதுப்பு வேறு, பனி வேறு என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் கிடைத்த விடை எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

2012-இல் முதல் மரபணுத்தொகுதி வந்தபோதும் கொஞ்சம் கோளாறு இருந்தது. மாதிரியில் இன்றைய மனிதர்களின் மரபணு கலந்துவிட்டது. அதனால் கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளி மேய்ப்பர் வம்சத்தின் சாயல் அவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. 2023-இல் இடுப்பெலும்பில் இருந்து எடுத்த மாதிரியில் அந்தச் சாயல் மறைந்துவிட்டது. அந்த மேய்ப்பர்கள் இந்தப் பக்கம் வந்ததே அவருக்கு அப்புறம்தான். அவருடைய வம்சத்தில் ஏறக்குறைய 92 சதவீதம் இன்றைய துருக்கியின் அனடோலியாவில் இருந்து வந்த முதல் விவசாயிகள், மீதி ஐரோப்பாவின் பழைய வேட்டைக்காரர்கள். தோல், அந்தக் காலத்து ஐரோப்பியரில் இதுவரை தெரிந்தவற்றில் மிக அடர்ந்த நிறங்களில் ஒன்று. நம் கறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. இன்றைய தெற்கு ஐரோப்பியரை விடக் கறுப்பு, அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்த கருப்பட்டி நிறம் அணு பிசகாமல் அவர் நிறம் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன், மேல்தோல் பெரும்பாலும் கழன்றுவிட்ட உடல் அது. ஆனால் சிலையைவிட உடலே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு வயதுக்காரிக்கு அது தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

மேல்தோல் கழன்றாலும் பச்சை குத்திய கோடுகள் நின்றன, ஏனென்றால் அவை அடித்தோலில் இருந்தன. மொத்தம் 61. பூவும் தேளும் இல்லை, வெறும் கோடுகள், கரியால் குத்தியவை. கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு. ஸ்கேனில் மூட்டுத் தேய்மானம் தெரிந்த இடங்களோடு பல பொருந்துகின்றன, ஆகவே வைத்தியம் என்கிறார்கள். 2015-இல் நெஞ்சில் ஒரு கொத்து புதிதாகத் தெரிந்தது, அதுவும் வெவ்வேறு அலைநீள ஒளியில் படம் எடுத்த பிறகு. இருபத்து நான்கு வருடம் ஆள் மேசைமேல் கிடக்கிறார்!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2023 செய்தி வந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஐரோப்பியனும் ஆதியில் தமிழன்தான் என்கிற மாதிரி ஒன்றைத் தட்டிவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது, மறைப்பானேன். போதாததற்கு, அவர் வயிற்றில் இருந்த ஹெலிகோபாக்டர் பைலோரி, நம்மில் பலருக்கு அல்சர் தருகிற அதே கிருமி, இன்று இந்தியாவில் கிடைக்கும் ரகத்துக்குத்தான் மிக நெருக்கம் என்று 2016-இல் வந்த ஆய்வு. குழுவில் போட்டால் பற்றி எரியும். ஆனால் அந்த ஆய்வு சொல்வது அவர் இந்தியாவில் இருந்து வந்தார் என்பதல்ல. இன்றைய ஐரோப்பியர் வயிற்றில் இருப்பது ஆசிய ரகமும் ஆப்பிரிக்க ரகமும் கலந்த கிருமி, அந்தக் கலப்பு பெரும்பாலும் ஓட்ஸிக்கு அப்புறம் நடந்தது என்பதுதான். கிருமிக்கும் ஒரு வலசை வரலாறு. வெள்ளை பூசிப் பார்த்தது தப்பு என்று சொல்லிவிட்டு, நானே நம் நிறத்தை எடுத்துப் பூசப் போனேன் என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025-இல், கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தோண்டி எடுத்த மண்டை ஓடுகள் இரண்டுக்கு இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் கொடுத்துப் படம் வெளியானது. தோல், கண், முடி நிறத்துக்கு இன்றைய தென்னிந்தியர்களை மாதிரியாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். எலும்பில் நிறம் தெரியாது, வேறென்ன செய்வது. அதே வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இவ்வளவு கறுப்பாவா இருந்திருப்பாங்க?" என்றார். இன்னொருவர் "ஏன் இவ்வளவு வெளுப்பா போட்டிருக்கான், சதி" என்றார். ஒரே படத்தைத்தான் இருவரும் பார்த்தார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. வாழைப்பழம் ஞாபகம்.

மகளிடம் சொன்னேன், 2023-லேயே. பதின்மூன்று வயது, காதில் ஹெட்போன். நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு என்றேன். அவளுக்கு போல்சானோவே அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்டதும், ஆச்சி எல்லாரையும் குளிக்க வைத்ததும். "ஷூ இருந்துச்சுல்ல, உள்ள புல்லு திணிச்சது?" என்றாள். இருந்தது. தோலும் மரநார் வலையும், அதற்குள் காய்ந்த புல்லும். அவருடைய பாத அளவு 38. அந்த வாரம்தான் அவளுக்கும் 38-க்கு மாறியிருந்தோம். அதில் இருந்த சுவாரசியம் அவளுக்கு நிறத்தில் இல்லை. அவள் மறந்துவிட்டதில் எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது, இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். நம்ம போய்ப் பார்த்தோமே, அவர் நிஜமாகவே கறுப்பாம்மா என்றேன். அம்புபட்டுச் செத்ததை, வயிற்றில் ஆட்டுக்கறி இருந்ததை, கையில் வெட்டு இருந்ததை எல்லாம் சொன்னேன். கறுப்பு பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நிறைஞ்ச வயித்தோட போயிருக்காரு" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்டது.

"அது சரி," என்றாள், "இன்னும் எடுக்கலையாய்யா அவர?"